போட்டேனா, போடலையா

"இந்த நட்டு, அதுக்கு அடுத்தது, அதுக்கும் அடுத்தது. மூணையும் கலர்ல போட்டுரு மீனா. தேதி நல்லாத் தெரியணும்."

பாலிதீன் உறைக்குள் இருக்கும் கைபேசியைக் கண்ணுச்சாமி அண்ணன் என் கடை மேசைமேல் வைக்கிறார். உறை முழுக்க கிரீஸ் விரல்தடங்கள். திரையில் ஒரு நட்டு. தள்ளினால் இன்னொரு நட்டு. எனக்கு மூன்றும் ஒரே படம்தான். அச்சாகி வரும் தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலில் நட்டைப் பார்ப்பார், பிறகு தேதியை, பிறகு மறுபடியும் நட்டை. அதற்கப்புறம்தான் மூச்சு விடுவார். தாளை மடிக்காமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு சாலையைக் கடப்பார். கடக்கும் முன் இந்தப் பக்கம் மூன்று தடவை, அந்தப் பக்கம் மூன்று தடவை பார்ப்பார். காலை பதினொரு மணிக்கு எங்கள் சாலையில் ஓர் ஆடுகூட வராது.

பேரையூரிலிருந்து எழுமலை போகும் சாலையில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது அவருடைய பட்டறை. தகரக் கூரை, மண் தரை, எஞ்சினைத் தூக்குவதற்கு மூன்று இரும்புக் கால்களில் தொங்கும் சங்கிலி. சுவரில் பெயிண்டர் எழுதிய பலகை: 'எஞ்சின் வேலை பார்க்கப்படும்'. அதன் கீழே அண்ணன் தன் கையாலேயே கோணல் மாணலாக எழுதியது: 'பிரேக், ஸ்டீயரிங், சக்கரம் கிடையாது'.

ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறார். "எஞ்சின் போச்சுன்னா வண்டி நிக்கும். எறங்கி ஓரமா நின்னு என்னைய நாலு வசவு வஞ்சுட்டுப் போயிருவாக. மத்தது போச்சுன்னா வையிறதுக்கு ஆளு இருக்காது."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

வயது ஐம்பத்தைந்து. நல்ல உயரம், தடித்த மணிக்கட்டு, மேலுதட்டை மூடும் மீசை. தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் பணியாத ஆள் என்று தோன்றும். டீக்கடையில் செய்தித்தாள் வந்ததும் மாவட்டச் செய்திப் பக்கத்தை மட்டும் உருவிக்கொள்வார். விபத்துச் செய்தி எதுவாக இருந்தாலும் என்ன வண்டி, எந்த ஊர், பதிவு எண் போட்டிருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுவார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் சாவியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சத்தம் தேயும்வரை நிற்பார். அந்த வாரம் தன் பட்டறையைவிட்டுப் போன வண்டிகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்னத்தச் சொல்லப் போறாகளோ" என்பார்.

"வீட்டுலயும் இப்படித்தான் மீனா" என்று அவர் மனைவி முனீஸ்வரி ஒருநாள் என்னிடம் சொன்னார். "கேஸை அமத்திட்டேன்னு நான் சொன்னா நம்ப மாட்டாக. போயித் திருகிப் பாத்துட்டு வருவாக. வந்து படுத்துட்டு, 'நான் அமத்தினேனா, தொறந்து விட்டேனா'ன்னு மறுபடியும் எந்திரிப்பாக."

ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்ததைப் படம் எடுப்பார். படத்தை என்னிடம் அச்சுப் போட்டு, வண்டிக்கு ஒன்றாக அட்டைக் கோப்பில் கோத்து வைப்பார். பட்டறை அலமாரியில் அறுபது கோப்புகளுக்குமேல் இருக்கின்றன. ஊரில் அவருக்கு 'போட்டோ மெக்கானிக்' என்று பெயர். வாடிக்கையாளருக்குக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள இப்படிச் செய்கிறார் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ஒருவருக்கும் அவர் அதைத் திறந்து காட்டியதில்லை.

போன புரட்டாசியில் அந்தப் பிக்கப் வந்தது. ஒரு டிராக்டரின் பின்னால் கயிற்றில் கட்டி எழுமலையிலிருந்து இழுத்து வந்தார்கள். மூக்கு நீண்ட, தோள்கள் உருண்ட, அறுபது எழுபது வருஷத்து வண்டி. கம்பெனிப் பெயர் எப்போதோ உதிர்ந்து, இரண்டு ஓட்டைகள் மட்டும் மிச்சம். மூடிப்போன ஒரு பஞ்சு மில்லின் பின்கட்டில் இருபத்தைந்து வருஷம் கிடந்ததாம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தவள் ஒரு பெண். முழங்கை வரை தூசி. இறங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குள் போனாள்.

"அண்ணே, எம்பேரு தங்கப்பொண்ணு. எழுமலை. எஞ்சினை எறக்கி மொத்தமாப் பாக்கணும். இப்பல்லாம் கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைய இந்த மாதிரி வண்டியில ஏத்தி ஊர்வலம் விடுறாக, போட்டோ எடுக்குறாக. தை ஏழாந்தேதி முதக் கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டோம். நான்தான் ஓட்டப் போறேன்."

யார் வந்து கேட்டாலும் அண்ணன் முதலில் முடியாது என்பார். அரை மணி நேரம் கெஞ்சவிட்டு, "பாக்குறேன், உறுதி சொல்ல மாட்டேன்" என்பார். அன்று அவர் தங்கப்பொண்ணைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டி டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டரின் பக்கவாட்டில் அவள் புருஷன் மொக்கைச்சாமி உட்கார்ந்திருந்தார். முகத்தை எதிர்ப்புறம் வயற்காட்டுப் பக்கம் திருப்பிவைத்திருந்தார். கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார். கம்பியைப் பிடித்து, வலது காலை ஊன்றி, இடது காலைக் கையால் தூக்கி வைத்தார். முழங்காலுக்குக் கீழே அது செயற்கைக்கால்.

"வாங்க தம்பி" என்று அண்ணனின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. கையைத் துடைக்கத் துணியை எடுத்தவர், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எறக்கிட்டுப் போங்க. பாத்துத் தாரேன்."

இவ்வளவு சீக்கிரம் அவர் ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் போன பிறகு அவர் என் கடைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பட்டறையில் குடத்தில் தண்ணீர் இருக்கும்போது எதற்கு இங்கே வந்தார் என்று நான் கேட்கவில்லை.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. ஆறு சிலிண்டர்களிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிப் பதினோரு நாள் ஊறவிட்டார். பிறகு மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிஸ்டனாக வெளியே எடுத்தார். ஒன்று வரும்போது ஆலைக் காலத்துத் துரு செம்மண்போல் உதிர்ந்தது. ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம், கழற்றிய இடத்தை மட்டும் ஒரு படம். என் கடையில் கலர் மை இரண்டு தடவை தீர்ந்தது.

எஞ்சின் பிளாக்கைச் சுமை ஆட்டோவில் ஏற்றி மதுரை கோரிப்பாளையத்துக்கு, ஜுல்பிகர் பாயின் லேத் பட்டறைக்கு அனுப்பினார். அண்ணன் அதில் ஏறவில்லை. பின்னாலேயே பஸ்ஸில் போனார். சிலிண்டர்களைக் குடைந்து புது உறை போட்டு, அதற்குப் பொருந்தும்படி வேறு வண்டியின் பிஸ்டனைக் கடைந்து கொடுக்கலாம் என்று பாய் சொல்லியிருந்தார். அளவு சொல்லி முடித்து வந்த பிறகு, அண்ணன் ஐந்து நாளில் பதினேழு தடவை அவருக்குப் போன் போட்டார். ஒருநாள் என் கடையில் நின்றே பேசினார். பாய் குரல் எனக்கும் கேட்டது.

"யா அல்லாஹ்! கண்ணுச்சாமி, நான் இந்த லேத்துல முப்பத்தஞ்சு வருசமா நிக்கிறேன். அளவை நீங்க எழுதிக் குடுத்த தாளு என் கண்ணு முன்னாடி ஒட்டியிருக்கு. நிம்மதியாத் தூங்குங்க."

"தாளு ஒட்டியிருக்கா பாய்? அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புறீகளா?"

ஐப்பசி முடியும்போது பிளாக் திரும்பி வந்தது. அண்ணன் எஞ்சினைப் பூட்ட ஆரம்பித்தார். பிஸ்டனை அச்சுத்தண்டோடு சேர்க்கும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டு, மொத்தம் பன்னிரண்டு. இந்தக் காலத்து எஞ்சின்களில் இறுக்கி விட்டால் போதும். இதில் ஒவ்வொரு நட்டிலும் குறுக்கே ஓர் ஓட்டை உண்டு. அதில் காட்டர் பின் எனப்படும் இரட்டைக் கம்பி ஊசியைச் செருகி, நட்டு தானாகக் கழலாதபடி அதன் இரண்டு கால்களையும் விரித்து மடக்கிவிட வேண்டும். சட்டை ஊக்கைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தப் பன்னிரண்டு பின்களுக்கும் நாற்பத்தெட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். பாதிப் படங்கள் கலங்கியிருந்தன.

அச்சுப் போட ஆரம்பித்ததும் மின்சாரம் நின்றுவிட்டது. தாள் வராமல் அவர் திரும்ப மாட்டார். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பன்னெண்டு ஊசிக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் படம்?" என்றேன் விளையாட்டாக.

அவர் எதிரே பட்டறையில் நிற்கும் பிக்கப்பைப் பார்த்தார். "அந்தத் தம்பிக்குக் கால் எப்படிப் போச்சுன்னு தெரியுமா?"

"வேன் கவுந்துருச்சுன்னு அந்த அக்கா சொன்னாக."

"அந்த வேனுக்கு ஸ்டீயரிங் வேல பாத்தவன் நான்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மொக்கைச்சாமி காய்கறி ஏற்றும் ஒரு சின்ன லோடு வேன் வைத்திருந்தார். முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் தண்டு தேய்ந்துபோய், மாற்றுவதற்காக அண்ணனிடம் கொண்டுவந்தார். அண்ணன் அப்போது எல்லா வேலையும் பார்ப்பவர். தண்டை மாற்றினார், நட்டை இறுக்கினார். அதில் ஒரு காட்டர் பின் போட வேண்டும்.

"பின்னை வாயில கவ்விக்கிட்டு இருந்தேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. அந்த இரும்பு ருசிகூட இருக்கு. அப்பப் போன் வந்துச்சு. பின்னை எடுத்துட்டுத்தான பேசியிருப்பேன்? எங்க வச்சேன்? சட்டைப் பையிலயா, மண்ணுலயா, நட்டுலயா? பேசிட்டு வந்து சக்கரத்தை மாட்டிட்டேன். போட்டேனா, போடலையா... தெரியலை மீனா. ஒம்போது வருசமா அந்த எடத்துக்கு வந்து வந்து நிக்கிறேன். அதுக்கு மேல போக மாட்டேங்குது."

பதினான்காம் நாள் எழுமலை கண்மாய் வளைவில் வேன் கரையிலிருந்து சரிந்து கவிழ்ந்தது. மொக்கைச்சாமியின் கால் இருக்கைக்கும் தகரத்துக்கும் நடுவே நசுங்கியது. சேதி தெரிந்து அண்ணன் மறுநாள் காலையிலேயே போனார். வேன் வயிறு தெரியக் கிடந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஒரு போலீஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவ வண்டியைச் சுத்தி வந்தேன். கிட்டப் போயிக் குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பின் இருந்தா ஒடஞ்ச துண்டாவது ஓட்டையில இருக்கும். குனியலை. நான் குனிஞ்சு பாக்குறதை யாராச்சும் பாத்துருவாகளோன்னு பயம். இல்லாம இருந்துருமோன்னு அதைவிடப் பயம். பஸ் ஏறி வந்துட்டேன். மறுவாரம் வேனை எடைக்குப் போட்டுட்டாக."

மின்சாரம் வந்தது. இயந்திரம் தானாகத் தாள்களைத் தள்ள ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து அந்தப் பயம் என்னிடமும் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட வேன் வாசலைக் கடக்கும்போது என் கண் அதன் முன்சக்கரத்துக்குப் போகும். தங்கப்பொண்ணு வாரம் ஒருமுறை வந்து வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பாள். "நம்ம ஏரியாவுல பயந்து பயந்து வேல பாக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்னு எல்லாரும் சொன்னாக. அதான் உங்கட்டக் கொண்டாந்தேன்" என்பாள். அண்ணன் வேலையிலிருந்து நிமிராமல் தலையை மட்டும் ஆட்டுவார். மொக்கைச்சாமி கூட வந்தாலும் சாலையோரத்தோடு நின்றுகொள்வார். உள்ளே போக மாட்டார். கால் வலிக்காக நிற்கிறார் என்று நினைத்தேன்.

மார்கழி பன்னிரண்டாம் தேதி காலை எஞ்சினை முதல் தடவை ஓடவிடுவது என்று முடிவானது. வீடியோ எடுக்க என்னைக் கூப்பிட்டார். போனபோது பட்டறை வாசலில் நான்கு வாளி மணலும், நனைத்த சாக்குகளும் வரிசையாக இருந்தன. தங்கப்பொண்ணையும் மொக்கைச்சாமியையும் என்னையும் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்.

"பெட்ரோல் எஞ்சின். சொல்ல முடியாது. நான் கூப்பிட்டாக்கூட வராதீக."

முதலில் கையாலேயே எஞ்சினை நான்கு சுற்றுச் சுற்றினார். ஆயில் பார்த்தார். பெட்ரோல் குழாயை விரலால் தடவி, விரலை மோந்து பார்த்தார். கோப்பைத் திறந்து ஒவ்வொரு படமாகப் புரட்டினார். கடைசிப் படம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் முறை ஆரம்பிக்கும்போது தங்கப்பொண்ணு இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"அண்ணே, வெயிலு ஏறுது!"

அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது. இரண்டாம் முறை ஒரு வெடிச் சத்தத்தோடு கரும்புகை வந்தது. நான் கைபேசியைக் கீழே போடப் பார்த்தேன். அண்ணன் ஓடவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, ஸ்பார்க் பிளக் கம்பி ஒன்றை மாற்றிச் செருகி, மறுபடி ஏறினார். மூன்றாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் தடுமாறி, பிறகு ஒரே சீராக, தையல் மிஷின்போல் ஓடியது. அண்ணன் ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷம் ஓடவிட்டு அணைத்தார். அவர் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

தங்கப்பொண்ணு சாலையைக் கடந்து ஓடினாள். பின்னாலேயே நானும் மொக்கைச்சாமியும் போனோம். மட்கார்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "என்னா சத்தம் பாருங்க! கல்யாண வீட்டு மேளத்தைத் தோக்கடிச்சுரும்" என்று சிரித்தாள். பிறகுதான் அதைக் கேட்டாள்.

"பிரேக்கு, ஸ்டீயரிங்கு எல்லாத்தையும் நீங்களே பாத்துருங்கண்ணே. போர்டைப் பாத்தேன். இருந்தாலும் வேற ஆளுகிட்ட விட எனக்கு மனசு வரலை. பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போற வண்டி."

"அது நான் பாக்குறதில்லை தாயி."

"எங்களுக்காகப் பாருங்க."

"உங்களுக்குன்னா பாக்கவே கூடாது." சொல்லிவிட்டு அவர் மொக்கைச்சாமியின் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "தம்பி, உங்க வேனுக்கு அன்னைக்கு அந்தத் தண்டை மாத்துனனே, அதுல பின் போட்டேனா போடலையான்னு எனக்குத் தெரியலை. கவுந்த அன்னையிலருந்து தெரியலை. வந்து சொல்லத் தைரியம் வரலை."

மார்கழிக் காற்றில் தகரம் படபடத்தது. தங்கப்பொண்ணு ஒன்றும் புரியாமல் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மொக்கைச்சாமி சங்கிலி தொங்கும் இரும்புக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு நாளா ஆடுச்சுண்ணே" என்றார்.

"எது?"

"ஸ்டீயரிங்கு. கவுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே கையில ஆட்டம் தெரிஞ்சுச்சு. இடது பக்கம் ஒடிச்சா டக்குன்னு ஒரு சத்தம். கொண்டாந்து காட்டணும்னு நெனச்சேன். தக்காளி லோடு இருந்துச்சு. அதை எறக்கிட்டு வாரலாம்னு விட்டுட்டேன். 'ஆடுனது தெரியலையாடா'ன்னு நீங்க கேட்டுருவீகன்னுதான் இத்தனை வருசமா இந்தப் பக்கமே வரலை. இவதான் இழுத்துக்கிட்டு வந்தா."

அண்ணனின் முகத்தை நான் பார்த்தேன். ஆட்டமும் சத்தமும் வந்தது என்றால் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்திருக்கிறது. பின் இருந்திருந்தால் கழன்றிருக்காது. மூன்று மாதம் அச்சுப் போட்டுப் போட்டு எனக்கே அது தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒன்பது வருஷம் ஒருவேளை போட்டிருப்பேன் என்றும் நினைக்க அவருக்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடம் இப்போது இல்லை.

"அப்பப் போடலை" என்றார். அப்படியே மணல் வாளியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கப்பொண்ணுக்கு இப்போதுதான் எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவள் அண்ணனிடம் போகவில்லை. புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"ரெண்டு நாளா?"

மொக்கைச்சாமி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த ரெண்டு நாளும் நம்ம புள்ள முத்துமீனாவை அந்த வேன்லதான பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனீக? முன்னாடி சீட்டுல உக்கார வச்சு நான்தான டாட்டா காட்டி அனுப்புனேன்? ஆடுற வண்டியிலயா எம்புள்ளைய ஏத்தி விட்டேன்?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவரும் ஒரு வார்த்த சொல்லியிருப்பாரு. ரெண்டு ஆம்பளைகளும் ஆளுக்கொரு பக்கம் பயந்துக்கிட்டே உக்காந்திருந்திருக்கீக. நானு ஒவ்வொரு வருசமும் அந்தக் கண்மாய்க்கரை சாமிக்குப் பொங்கல் வச்சுக்கிட்டுத் திரியிறேன், என்ன குத்தம் செஞ்சமோன்னு."

விறுவிறுவென்று சாலையைக் கடந்து என் கடை வாசலில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போய்த் தண்ணீர் கொடுத்தேன். வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டாள். எதிரே இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் வண்டிக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கயிற்றை எடுத்துச் சுருட்டி வெளியே வைத்தார்.

அரை மணி நேரம் கழித்து அவள் எழுந்து போனாள்.

"பிரேக்கு, ஸ்டீயரிங்கு, சக்கரம், மூணும் நீங்கதான் பாக்கணும்."

"என் கையி வராது தாயி."

"வரும். நான் பக்கத்துல படுத்துக்கிட்டுப் பாப்பேன். நீங்க ஒவ்வொண்ணாப் போட்டு எனக்குக் காட்டணும். நான் இருக்குன்னு சொன்னப்புறம்தான் அடுத்ததுக்குப் போகணும். போட்டோ கீட்டோ வேணாம். வண்டியில உக்காரப் போறது நானு."

இதை எழுதுவதற்கு முன் அண்ணனிடம் கேட்டேன். "எழுது. பேரைப் போட்டே எழுது" என்றார். பிறகு அன்று மாலையே வந்து, "எழுதிட்டியா? வேணாம்னு சொன்னா நிறுத்த முடியுமா?" என்று கேட்டார். மறுநாள் காலையில், "இல்ல, இருக்கட்டும்" என்றார். அந்தப் பிக்கப் தை ஏழாம் தேதி கல்யாணத்துக்குப் போனது. இப்போது முகூர்த்த மாதங்களில் மூன்று நான்கு கல்யாணம் கிடைக்கிறது. தங்கப்பொண்ணு வேகம் காட்டாமல் ஓட்டுவாள். வண்டி எங்கள் சாலை வழியாகப் போகும் நாட்களில், அது திரும்பி வரும்வரை அண்ணன் எந்த வேலையிலும் கை வைப்பதில்லை. விபத்துச் செய்தியில் வண்டி எண் தேடுவதும் நிற்கவில்லை. பலகையில் கோணல் எழுத்து அப்படியே இருக்கிறது. இந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் பிரேக், ஸ்டீயரிங் பார்க்கிறார். அவளும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் படுத்துப் பார்க்கிறாள்.

எஞ்சின் ஓடிய அன்று நடந்ததில் மீதியைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட யாரும் போகவில்லை. அண்ணன் முன்பக்கம் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தார். தங்கப்பொண்ணு சேலையை வரிந்து செருகிக்கொண்டு மறுபக்கம் குப்புறப் படுத்தாள். கைபேசி வெளிச்சத்தை அடித்தாள். பிரேக்கை முடிக்கவே வெயில் சாய்ந்துவிட்டது. பிறகு ஸ்டீயரிங் தண்டு. நட்டை இறுக்கும்வரை அவர் கை சரியாகத்தான் இருந்தது. காட்டர் பின்தான் ஓட்டையில் நுழையாமல் இரண்டு தடவை மண்ணில் விழுந்தது. இரண்டு தடவையும் தங்கப்பொண்ணு எடுத்து, ஊதிக் கொடுத்தாள். மூன்றாம் தடவை உள்ளே போனது. குறட்டால் கால்களை விரித்து மடக்கினார்.

"பாரு தாயி."

அவள் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். "இருக்கு."

மறுபக்கச் சக்கரத்துக்கு நகர்ந்தார்கள். அதுவும் முடிந்தது. "இருக்கு" என்று அவள் சொல்லிவிட்டு, சேலையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்போது மொக்கைச்சாமி தரையில் உட்கார்ந்தார். வேட்டியை மேலே தள்ளி, வார்களை அவிழ்த்து, காலைக் கழற்றிச் சக்கரத்தில் சாய்த்து வைத்தார். இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து வண்டிக்கு அடியில் போனார். "நானும் பாத்துக்கிறேன்" என்றார். அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேரும் தோளோடு தோள் உரசக் கிடந்தார்கள். பின் இருக்கும் இடம் மேலே, கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அதைக் கண்ணால் பார்க்க மொக்கைச்சாமி கழுத்தை எக்கித் தலையைத் தூக்கினார். நேர் மேலே வண்டியின் அடிச்சட்ட இரும்பின் கூர் விளிம்பு. அண்ணன் குறட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையை அந்தத் தலைக்கும் இரும்புக்கும் நடுவே கொண்டுபோய் வைத்தார். மொக்கைச்சாமி அவசரப்படாமல்தான் பார்த்தார். அவர் பார்த்து முடித்துத் தலையைத் தாழ்த்தும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.